பெரியவரின் பெயர்

பெய்ரூட்
13 செப்டம்பர் 1998

உத்பலாவின் அப்பாவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் வேலை செய்கிற வீட்டு மேடத்தின் கடைக்குட்டி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறான். முதல் நாள் காலையில் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தது நான்தான். வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் திறந்து அழுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ஜனவரியில் நம் மகள் சூட்டிக்கும் இதுதானே.

டிசம்பருக்குள் நான் வந்துவிடுவேன், அதுதான் பேச்சு. அதற்காக நீங்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். விதைக்கிற நாள் வந்த பிறகு மண்வெட்டிக்குப் பிடி தேடுகிற ஆள் நீங்கள்.

முதலில் அவள் தன் பெயரை முழுதாகச் சொல்லப் பழகட்டும். யார் கேட்டாலும் "சூட்டி" என்கிறாள். பள்ளியில் உத்பலா குமாரி என்று கூப்பிட்டால் பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பாள். அப்புறம் உங்கள் பெயர், ஊர்ப் பெயர். ஒண்ணுக்கு வந்தால் டீச்சரிடம் கேட்கத் தெரிய வேண்டும். சோற்றுப் பொட்டலத்தைத் தானே பிரித்துத் தானே சாப்பிட வேண்டும். இன்னும் ஊட்டிவிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், மறுக்க வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம் அவளைப் பக்கத்து வீட்டுப் பொடிமெனிகே அக்காவிடம் விட்டுவிட்டு நீங்கள் வயலுக்குப் போங்கள். உங்களைக் காணாமல் இருந்து பழக வேண்டும். முக்கியமாக, "இரு இரு, ஸ்கூலுக்குப் போ, சார் தோலை உரிப்பாரு" என்று யாரும் அவளைப் பயமுறுத்தக் கூடாது. எங்கள் அப்பா என்னிடம் அப்படித்தான் சொன்னார். மூன்றாம் வகுப்பு வரை நான் சாரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பலகையைப் பார்க்கவில்லை.

இதெல்லாம் சின்ன பயம். பெரிய பயம் உங்களுக்கே தெரியும். நம் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே அந்தக் காட்டுப் பாதை ஒன்றுதான் இருக்கிறது. பெரியவர் இந்த வருடமும் குளத்துப் பக்கம் இறங்குகிறாரா? பெயரை எழுத மாட்டேன். இந்தக் கடிதமும் அந்தக் காட்டைக் கடந்துதானே உங்கள் கைக்கு வர வேண்டும். நாலு வயல் தள்ளி நின்றே சோற்றுப் பொட்டலத்தை மோப்பம் பிடிக்கிற மூக்கு அவருடையது. நீளமும் குறைச்சல் இல்லை. அதனால் சூட்டிக்குப் பாதையில் நடக்கவும் பழக்குங்கள். வாயை மூடிக்கொண்டு, முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்து நடக்க வேண்டும். கண்டால் ஓடாமல் நிற்க வேண்டும். காட்டைக் காக்கிற ஐயநாயக்க சாமிக்குப் பாலை மரத்தில் இலைக்கொப்பு தொங்கவிட மறக்கவே கூடாது.

இங்கே வேலை செய்துவிட்டுக் கேகாலைக்கு லீவில் போகிற சந்திரகாந்தியிடம் புத்தகப் பையும் வெள்ளைச் சப்பாத்தும் கொடுத்திருக்கிறேன். சப்பாத்தைக் கண் மதிப்பில் வாங்கினேன். சூட்டியின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். அவள் சொன்னதையெல்லாம் சொன்னபடியே எழுதுங்கள்.

ரம்யலதா


மீகஹவெவ
4 அக்டோபர் 1998

ரம்யா,

கடிதம் கிடைத்தது. சந்திரகாந்தி கல்கமுவ சந்தை வரைக்கும் வந்து பையையும் சப்பாத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள். சப்பாத்து கொஞ்சம் பெரிதுதான், முன்னால் பஞ்சு வைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் நலம்.

நீ எழுதிய வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. சாப்பாடு இப்போது அவள் கையால்தான். குரக்கன் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு, கீழே சிந்தாமல் சாப்பிடுகிறாள். பாவாடை நாடாவைத் தானே கட்டுகிறாள். நான் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். பொடிமெனிகே அக்கா பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது பின்னலா, இல்ல வண்டிமாட்டுக் கயிறா?" என்று கேட்டாள். அக்கா வீட்டிலும் அழாமல் இருக்கிறாள்.

பாதையில் நடக்க நான் முன்பே பழக்க ஆரம்பித்துவிட்டேன். பள்ளிக்கூட வாசல் வரை போய், பூட்டிய கதவைத் தொட்டுவிட்டுத் திரும்புவோம். பாலை மரத்தடியில் கொப்பு முறித்துத் தொங்கவிடுவாள். கை எட்டாது, நான் தூக்கிப் பிடிப்பேன். வாயை மூடிக்கொண்டு நடக்கிறாள். இவ்வளவு சீக்கிரம் பழகுவாள் என்று நான் நினைக்கவில்லை.

முன்சுவர் மழையில் விழுந்துவிட்டது. திரும்ப எழுப்பியாகிவிட்டது. நீ கவலைப்பட ஒன்றும் இல்லை.

பாதம் வரைந்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். பெருவிரல் கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. பென்சில் கூசி அசைத்துவிட்டாள்.

டிக்கிரிபண்டா


பெய்ரூட்
25 அக்டோபர் 1998

உத்பலாவின் அப்பாவுக்கு,

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். நான் நாட்டை விட்டுத்தான் வந்தேன், நம் ஊர் வானத்தை மறந்துவிடவில்லை. செப்டம்பரில் மீகஹவெவயில் எந்த மழை பெய்தது? குளம் வற்றி, மாடு நடுக்குளத்தில் மேய்கிற காலம் அது. மழை இல்லாத மாதத்தில் மண்சுவர் விழுந்தால், அதைத் தள்ளியது யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நான் நம் ஊரில்தான் பிறந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கடிதத்தைத் தாள் கிழிகிற அளவுக்குப் படித்துவிட்டேன். அதில் பொடிமெனிகே அக்கா பேசுகிறாள். சூட்டி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள் என்று நான் கேட்டிருந்தேன். அவள் கோழிக்கு முட்டையிடச் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை. தூக்கத்தில்கூடக் கதை சொல்கிற பிள்ளை. நான் விமானம் ஏறக் கிளம்பிய அன்று, "அம்மா, மேலேருந்து பாத்தா நான் தெரிவேனா, சிவப்புச் சட்டை போட்டுக்கவா?" என்று கேட்டவள். அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, அவள் வாயிலிருந்து ஒரு சொல்லைக்கூட உங்களால் எழுத முடியவில்லையா?

என்னிடம் ஒரு பாதம் மட்டும் வந்திருக்கிறது. பாதம் இருந்தால் பிள்ளையும் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாத்திரம் கழுவும்போது ஒரு கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டேன். மேடத்துக்கு டிசம்பரில் பிரசவம். அதுவரை இரு என்கிறாள், பார்க்கலாம்.

என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? இந்த முறை உண்மையை எழுதுங்கள்.

ரம்யலதா


மீகஹவெவ
10 நவம்பர் 1998

ரம்யா,

அவள் உயிரோடு, முழுசாக இருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆனால் பேசுவதில்லை. செப்டம்பர் நடுவிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். புது நெல் மூட்டைகள் முன்னறையில் இருந்தன. அவள் பாயில் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நாய் குரைக்கவில்லை, வெளியே ஒரு சத்தமும் இல்லை. சுவர் அப்படியே உள்ளே வந்தது. புழுதி அடங்கியதும் பெரியவருடைய மூக்கு மட்டும் உள்ளே நீண்டிருந்தது. மூட்டையைத் தேடி அங்கும் இங்கும் போயிற்று. நான் அடுப்பங்கரை வாசலில் இருக்கிறேன், அவள் நடுவில் இருக்கிறாள். அது அவள் தலைமேல் வந்து நின்று மோப்பம் பிடித்தது. அந்த மூச்சில் அவள் முடி பறந்ததை நான் பார்த்தேன். ரம்யா, நான் கற்றுக்கொடுத்தபடியே அவள் ஓடவில்லை, கத்தவில்லை. அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் மூட்டையை இழுத்துக்கொண்டு போன பிறகுதான் நான் அவளைத் தூக்கினேன். மரக்கட்டை மாதிரி இருந்தாள்.

மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. கல்கமுவ ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்ல, பயந்துட்டா, தானா வரும்" என்றார். வரவில்லை. சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள், சொன்ன வேலையைச் செய்கிறாள். தூங்கும்போது மட்டும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். எடுத்துவிட்டாலும் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறாள்.

பள்ளிக்கூட அதிபரைப் போய்ப் பார்த்தேன். "ஜனவரியில கூட்டிட்டு வாங்க. எல்லாப் பிள்ளைகிட்டயும் கேக்குற மாதிரி பேரைக் கேப்போம். சொல்லலன்னா குருநாகல் பக்கத்துல பேச்சு வராத பிள்ளைங்களுக்கு விடுதியோட ஒரு ஸ்கூல் இருக்கு, நான் எழுதிக் குடுக்குறேன். பிள்ளை வாழ்க்கை வீணாகக் கூடாதில்ல" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர் சொல்கிறார் என்பதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நீ வீட்டில் இல்லை, இவளும் விடுதிக்குப் போய்விட்டால் எழுப்பிய சுவருக்குள் நான் யாருக்காக இருப்பது?

உனக்கு எழுதினால் நீ அங்கே மாடியிலிருந்து குதித்துவிடுவாய் என்று பயந்து எழுதவில்லை. குதித்துவிடாதே.

டிக்கிரிபண்டா


பெய்ரூட்
27 நவம்பர் 1998

உத்பலாவின் அப்பாவுக்கு,

குதிக்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து யோசித்தேன்.

பயந்த பிள்ளைகளை இந்த வீட்டிலும் பார்த்திருக்கிறேன், நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். பயந்த பிள்ளை கத்தும், ஒட்டிக்கொள்ளும், படுக்கையை நனைக்கும். இவள் வாயைப் பொத்திக்கொண்டு தூங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பயந்த கை இல்லை, பூட்டுப் போடுகிற கை. ஏதோ வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறாள்.

அன்றைக்கு, சுவர் விழுவதற்கு முன், அவள் பெரியவரின் பெயரைச் சொன்னாளா? பாதையிலோ வீட்டிலோ யார் காதிலாவது விழுந்ததா? நன்றாக யோசித்துப் பாருங்கள். அவளிடம் கேட்டுப் பாருங்கள், தலையை ஆட்டினால் போதும். எனக்கு அவள் வயதிருக்கும்போது, கொல்லையில் நின்று விளையாட்டுக்கு ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி பக்கத்து ஊரில் ஒருவர் மிதிபட்டு இறந்துபோனார். நான்தான் கூப்பிட்டுக் கொன்றேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். இவள் என்னைவிட ரோசக்காரி, மொத்தமாக நிறுத்திவிட்டாள்.

அப்படித்தான் என்றால், இதோடு இருக்கிற தாளை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு எழுத்தையும் விடாமல் வாசிக்க வேண்டும். எழுத மாட்டேன் என்ற பெயரை நானே எழுதிவிட்டேன்.

ரம்யலதா

சூட்டி மகளுக்கு,

அப்பா வாசிக்கிறாரு, ஆனா பேசுறது அம்மா. நீ ஒரு பேரைச் சொல்லிட்டேன்னு பயந்துக்கிட்டு இருக்கியாமே. இப்ப அம்மா சொல்றேன் கேளு. யானை. இன்னொரு தரம் சொல்றேன். யானை, யானை.

இங்க அம்மா இருக்கிறது ரொம்ப உயரமான மாடி. துணி காயப்போடுற இடத்துல நின்னு தினமும் காலையில அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பைத்தியம்னு நினைக்கிறா, நினைச்சுட்டுப் போகட்டும். பேரைச் சொன்னா அது வரும்னா, யாரு அதிகமாக் கூப்பிடுறாங்களோ அங்கதானே போகணும்? நீ ஒரே ஒரு தரம்தான் சொன்னே. அம்மா தினமும் சொல்றேன். அதனால அது இனிமே எங்கிட்டதான் வரணும். வழியில கடல் இருக்கு, நீந்தி வரட்டும். வந்தா அம்மா பாத்துக்கறேன். இங்க கதவு இரும்பு, மாடிப்படி குறுகல். அதோட உடம்புக்கு லிஃப்டும் பத்தாது.

காட்டுக்குள்ள மட்டும் பேசாம நட, அது நம்ம ஊரு வழக்கம். காட்டைத் தாண்டினதும் பேசு. உன் வாயைப் பூட்ட வேணாம். அந்தப் பேரு இப்ப அம்மாவோடது.

அம்மா


மீகஹவெவ
22 டிசம்பர் 1998

ரம்யா,

நீ எழுதியதுதான் சரி. "அன்னைக்குப் பாதையில பேரைச் சொன்னியா?" என்று கேட்டதும் தலையாட்டினாள். பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகைக்கும் சத்தம் இல்லை.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாதையில் ஈரச் சாணம் கிடந்தது. அவள் அதைச் சுட்டிக்காட்டி, இது இன்னார் போட்டதா என்று பெயரைச் சொல்லியே சத்தமாகக் கேட்டாள். நான் அவள் வாயைப் பொத்தி, "சொல்லாத, சொன்னா வந்துடும்" என்றேன். எனக்கு அது ஒரு பேச்சே இல்லை, என் அப்பா என்னிடம் சொன்னது, அந்த நிமிஷமே மறந்துவிட்டேன். இருட்டுவதற்குள் அவர் வந்துவிட்டார். பிள்ளை மறக்குமா?

உன் தாளை வீட்டுக்குள் வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சிரிக்காதே. இந்த வயது வரைக்கும் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நட்ட நடுப்பகலில் அவளைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நாலு பக்கமும் வெளி, யார் வந்தாலும் தெரியும். முதல் தடவை அந்த இடம் வந்ததும் "பெரியவர்" என்று மாற்றி வாசித்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தாளில் அந்த இடத்தில் விரலை வைத்தாள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு நான் ஏமாற்றுகிறேன் என்று எப்படித் தெரிந்ததோ. என் குரல் தடுமாறியிருக்கும்.

சொன்னேன். நீ எழுதியிருந்தபடி எல்லா இடத்திலும் சொன்னேன். எதிர்க்கரை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு நீர்க்காகம் சிறகு காயவைத்துக்கொண்டிருந்தது. அவள் தாளை வாங்கி மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. ஆனால் நேற்று தூங்கும்போது கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்திருந்தாள்.

இனி என் முறை. டிசம்பர் முடியப் போகிறது. போன கடிதத்தில் நீ வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. மழை எந்த மாதம் என்று என்னை மடக்கினாயே, நீ எந்த மாதம் என்று சொல்.

டிக்கிரிபண்டா


மீகஹவெவ
20 ஜனவரி 1999

ரம்யா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியாது.

முதல் நாள் வெள்ளைச் சட்டை போட்டு, நீ அனுப்பிய சப்பாத்தைப் போட்டுக் கிளம்பினோம். பொடிமெனிகே அக்கா பால்சோறு ஊட்டிவிட்டு, "போய்ட்டு வா ராசாத்தி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசை. முன்னால் ஒருவர் விரட்டுவதற்கு வெடி வைத்திருந்தார், கடைசியில் நான். பாலை மரத்துக்கு அந்தப் பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்டது. வரிசை நின்றது. ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் கையில் ஆடி ஆடிச் சத்தம் போட்டது, அவன் அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. சூட்டியின் கழுத்து வியர்த்திருந்தது. பிறகு முன்னால் இருந்தவர் கையசைத்தார், நடந்தோம்.

பள்ளியில் டீச்சருக்கு வெற்றிலை கொடுத்து, காலில் விழுந்து வணங்கினாள். டீச்சர் புதுசு, தெற்கே தூரத்து மாத்தறைப் பக்கம், பெயர் நிலந்தி. அதிபர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெற்றவர்கள் நாங்கள் ஜன்னலில் நின்றோம். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர் கேட்டாள். இவள் முறை வந்தது. எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. டீச்சர் இரண்டு தரம் கேட்டாள். அதிபர் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

டீச்சர் அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் படம் காட்ட ஆரம்பித்தாள். பசுவைக் காட்டியதும் பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சேவலுக்கும் கத்தினார்கள். அடுத்ததாக அவள் காட்டியது பெரியவருடைய படம்.

வகுப்பே அடங்கிப் போயிற்று. ஒரு பையன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான், அவன் சப்பாத்தில் நாடாவே இல்லை. "என்ன பிள்ளைகளா, இது தெரியாதா? உங்க ஊர்லதான் நிறைய இருக்குன்னாங்க" என்றாள் டீச்சர். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? ஜன்னலில் நின்ற நாங்களும் தரையைப் பார்த்தோம். அதிபர் நம் ஊர்க்காரர்தானே, இருமிவிட்டு, "அதை விடுங்க மிஸ், அடுத்ததக் காட்டுங்க" என்றார்.

அப்போது ஒரு குரல், "யானை" என்றது.

கரகரப்பாக இருந்தது, எனக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் நின்ற பெண் நெஞ்சில் கை வைத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மகளைப் பார்க்கவில்லை, காட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் எழுந்து நின்றாள். "பயப்படாதீங்க. அது இப்ப இங்க இல்ல. எங்க அம்மா கூப்பிட்டாங்க, அவங்ககிட்ட போயிருக்கு" என்றாள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டாள். "உத்பலா குமாரி. அப்பா பேரு டிக்கிரிபண்டா. ஊரு மீகஹவெவ" என்று நீ சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே சொன்னாள். பிறகு சும்மா இருக்காமல், "எனக்கு ஒண்ணுக்கு வந்தா கேக்கத் தெரியும். இப்ப வரல" என்றாள். அதிபர் பேனாவை மூடினார். நான் ஜன்னலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும்போது காட்டுக்குள் ஒரு சொல் பேசவில்லை. காட்டைத் தாண்டியதும் ஆரம்பித்தவள் வீட்டு வாசல் வரை நிறுத்தவில்லை. நாலு மாதத்துப் பேச்சு. வாசலில் நின்று கேட்டாள்: "அப்பா, அம்மா திரும்பி வந்தா அதுவும் பின்னாலேயே வந்துடுமா?" நான் குனிந்து அவள் சப்பாத்தைக் கழற்றினேன். "அப்படீன்னா அம்மாவ வர வேணாம்னு எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் உன் பழைய சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இந்த முறை சத்தமாக அழுதாள்.

உன்னிடம் மறைக்கவில்லை. பெரியவர் எங்கேயும் போகவில்லை. முந்தாநாள் எதிர்க்கரையில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். என்றைக்காவது அவளும் பார்ப்பாள். அன்றைக்கு அவள் வாய் திரும்பவும் பூட்டிக்கொண்டால் எனக்குத் திறக்கத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். அதற்குள் வந்துவிடு.

டிக்கிரிபண்டா


பெய்ரூட்
6 பிப்ரவரி 1999

உத்பலாவின் அப்பாவுக்கு,

சூட்டியிடம் இதைச் சொல்லுங்கள். அம்மா பின்னால் அது வராது. அதற்குப் பாஸ்போர்ட் கிடையாது. பாஸ்போர்ட் கையில் இல்லாத யாரும் இந்த ஊரிலிருந்து கிளம்ப முடியாது.

இது பிள்ளைக்குச் சொல்கிற கதை இல்லை. எனக்குத் தெரிந்து சொல்கிறேன்.

என்னுடையது வந்த அன்றே மேடத்தின் அலமாரிக்குள் போயிற்று. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. என் ஒப்பந்தம் நவம்பரிலேயே முடிந்துவிட்டது. குழந்தை பிறக்கட்டும் என்றாள், பிறந்தது. நாற்பது நாள் போகட்டும் என்றாள், போகப் போகிறது. உங்களுக்கு எழுதாமல் இருந்தது அதனால்தான். நீங்கள் மழை என்று எழுதினீர்கள், நான் பிரசவம் என்று எழுதினேன். நம் இரண்டு பேரையும் கட்டி வைத்தவர்கள் பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

கீழ் மாடியில் ஒருத்தி தன் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். அதற்குப் பிறகு அவளைத் துணி காயப்போடவும் வெளியே விடவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வாய் வரவில்லை. மேடம் முன்னால் அந்தச் சொல்லை எடுத்தால் என்ன வந்துவிடுமோ என்று, நம் காட்டுப் பாதையில் நடக்கிற மாதிரி, முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இந்த வீட்டில் நடக்கிறேன். மகளுக்குப் பக்கம் பக்கமாகப் புத்தி எழுதினேன், எனக்கு ஒரு சொல் சொல்ல முடியவில்லை.

உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. அதிபர் இருமி, நீங்கள் எல்லோரும் தரையைப் பார்த்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவ்வளவு பேர் நின்ற இடத்தில் அவள் எழுந்து சொல்லியிருக்கிறாள். என் பேச்சை நம்பித்தான் சொல்லியிருக்கிறாள்.

நாளைக் காலையில் காபித் தட்டை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு அந்த இடத்திலேயே நிற்கப் போகிறேன். ஓட மாட்டேன், கத்த மாட்டேன். பாஸ்போர்ட் என்று பெயரைச் சொல்லியே கேட்பேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது கேட்டு முடித்திருப்பேன், என்ன நடந்தது என்பது எனக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பள்ளிக்குப் போகும்போது பாலை மரத்தில் எனக்காகவும் ஒரு கொப்பு தொங்கவிடச் சொல்லுங்கள். அவள் கை எட்டாது, நீங்கள் தூக்கிப் பிடியுங்கள்.

ரம்யலதா